லாரிகள் ஏறும் ஓடம்

பள்ளிப்பட்டுப் பக்கத்து மாணவர்களுக்குக் கொசஸ்தலை ஆற்றைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டின் பெரும் பகுதி அது வெறும் மணல்வெளி. ஆந்திர எல்லைக்கு அப்பால் கிருஷ்ணாபுரம் அணையில் நீர் திறந்துவிட்டால் போதும், தரைப்பாலங்கள் மூழ்கிவிடும். அக்கரையில் நிற்பவரின் முகம் தெரியும். உரக்கக் கூப்பிட்டால் குரலும் கேட்கும். ஆனால் அவரிடம் போய்ச் சேர உயரமான பாலம் இருக்கும் இடம்வரை சுற்றிக்கொண்டு போகவேண்டும். தறிக்கு நூல் ஏற்றிய வண்டியானாலும், ஆலைக்குக் கரும்பு ஏற்றிய லாரியானாலும் இதே கதைதான்.

இங்கே இந்தத் தொல்லை சில நாள்களில் தீர்ந்துவிடும். உலகில் பல ஊர்களுக்கு இது ஆண்டு முழுவதும் உள்ள நிலை. குறுக்கே தண்ணீர்; நேர் வழி மிகக் குறைவு; சாலை வழியோ மிக நீளம். அப்படிப்பட்ட இடங்களில் சரக்கு லாரியை அப்படியே தூக்கி அக்கரையில் விடும் ஓடங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று நமக்கு அடுத்த மாநிலத்திலேயே, கொச்சியில் ஓடத் தொடங்கியது. அதன் பெயரைக் கேட்டால் இயற்பியல் படிக்கும் நீங்கள் மகிழ்வீர்கள்: 'சி.வி. இராமன்'.

கொச்சியின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். காயலின் நடுவே வெல்லிங்டன் தீவு. அதில் பழைய துறைமுகம். அதற்கு வடக்கே வல்லார்பாடம் தீவு; அங்கே 2011-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பன்னாட்டுக் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. கன்டெய்னர் என்றால் தெரியுமல்லவா? 20 அடி அல்லது 40 அடி நீளமுள்ள இரும்புப் பெட்டி. கப்பலிலும் இரயிலிலும் லாரியிலும் ஒரே பெட்டி, உள்ளே உள்ள சரக்கைத் தொடாமலே மாறி மாறிப் பயணம் செய்யும். வெல்லிங்டன் தீவிலிருந்து வல்லார்பாடத்துக்கு ஒரு பெட்டியைக் கொண்டுபோக வேண்டுமானால், லாரி குண்டனூர் வழியாகப் புறவழிச் சாலையைப் பிடித்து, நகரத்தைச் சுற்றி, களமசேரி சென்று, அங்கிருந்து திரும்பக் கடலை நோக்கி வரவேண்டும். ஏறத்தாழ 30 கி.மீ. நீர்வழியிலோ வல்லார்பாடத்தை ஒட்டிய போல்காட்டி வரை 3½ கி.மீ. தான்.

இந்த வழியில் 2021 பிப்ரவரி 14-ஆம் நாள் 'ஆதி சங்கரா', 'சி.வி. இராமன்' என்ற இரு ஓடங்களைப் பிரதமர் தொடங்கிவைத்தார். இந்திய உள்நாட்டு நீர்வழி ஆணையம் இவற்றை மூன்றாம் தேசிய நீர்வழியில் விட்டது. ஒவ்வொன்றும் 20 அடி லாரிகள் ஆறு, 20 அடி டிரெய்லர்கள் மூன்று, 40 அடி டிரெய்லர்கள் மூன்று, 30 ஆட்கள் என்ற அளவுக்குக் கொள்ளும் என்று அரசு அறிவித்தது. இத்தகைய கலங்களுக்கு 'ரோ-ரோ' என்று பெயர். 'ரோல் ஆன், ரோல் ஆஃப்' என்பதன் சுருக்கம்; உருண்டு ஏறு, உருண்டு இறங்கு என்று பொருள். கேரளத்தில் வண்டிகள் ஏறும் ஓடத்தை மக்கள் 'ஜங்கார்' என்பார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கிறது.

உருண்டு ஏறுவது ஏன் பெரிய விஷயம்? பழைய முறையை எண்ணிப் பாருங்கள். 1914-ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறந்தபின் இரயில் தனுஷ்கோடி வரை சென்றது. அங்கே நீராவிக் கப்பல், அக்கரையில் தலைமன்னாரில் மறுபடியும் இரயில். இரயில் பெட்டிகள் கப்பலில் ஏறவில்லை. ஆட்களும் மூட்டைகளும்தாம் இறங்கி ஏறினார்கள். ஒவ்வொரு மூட்டையும் நான்கு முறை கைமாறும். நீண்ட பயணத்தில் இந்த நேரம் பெரிதாகத் தோன்றாது. 3½ கி.மீ. பயணத்தில் அதுவே முழு நேரத்தையும் விழுங்கிவிடும்.

இதை முதலில் சரியாகப் புரிந்துகொண்டவர் தாமஸ் பவுச் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். ஸ்காட்லாந்தில் ஃபோர்த் என்னும் அகன்ற கழிமுகம் இரயில் பாதையைக் குறுக்கே வெட்டியது. கிராண்டன் ஒரு கரை, பர்ன்டைலண்டு மறு கரை. இடையில் சுமார் 8 கி.மீ. தண்ணீர். 1850-ஆம் ஆண்டு பவுச் 'லெவையதன்' என்ற கப்பலை அங்கே விட்டார். அதன் தளத்தில் தண்டவாளங்கள் பதிக்கப்பட்டிருந்தன. சரக்கு வண்டிகள் கரையிலிருந்து அப்படியே உருண்டு கப்பலில் ஏறின. கப்பலில் தண்டவாளம் பதிப்பதில் சிரமம் ஒன்றுமில்லை. கடல் மட்டம் நாள்தோறும் பல மீட்டர் ஏறி இறங்குகிறதே, அசையாத கரையையும் அசையும் கப்பலையும் இணைப்பது எப்படி? பவுச் கரையில் சாய்தளம் ஒன்று கட்டி, அதன்மேல் முன்னும் பின்னும் நகரும் மேடை ஒன்றை வைத்தார். நீர் ஏறினால் மேடை மேலே போகும். இறங்கினால் கீழே வரும். மேடைக்கும் கப்பலுக்கும் நடுவே கீல் வைத்த பாலம். 1890-இல் ஃபோர்த் பாலம் திறக்கும்வரை இந்த ஏற்பாடு வேலை செய்தது. இதே பவுச் கட்டிய டே பாலம் 1879 டிசம்பரில் புயலில் இரயிலோடு இடிந்து விழுந்தது. அவர் பெயரைச் சொன்னால் உலகம் அந்தப் பாலத்தைத்தான் நினைக்கிறது, ஓடத்தை மறந்துவிட்டது.

கொச்சிக் காயலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் அளவுதான். எனவே பவுச்சின் மேடை அங்கே தேவையில்லை. கீலில் மடியும் சாய்தளம் போதும். ஆனால் லாரி ஏறும்போது ஓடமே தாழ்கிறது, சாய்கிறது. இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

கணக்கு எளிதாக இருக்க, 50 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், தட்டையான அடி உள்ள பெட்டி போன்ற ஓடம் என்று வைத்துக்கொள்வோம். (இது நான் எடுத்துக்கொண்ட அளவு, கொச்சி ஓடங்களின் அளவு அன்று.) நீர்மட்டத்தில் அதன் பரப்பு 500 சதுர மீட்டர். ஓடம் 1 செ.மீ. தாழ்ந்தால் 5 கன மீட்டர் நீரை விலக்கும்; அதாவது 5 டன். 30 டன் லாரி நடுவில் நின்றால் ஓடம் 6 செ.மீ. தாழும். ஆறு லாரிகளுக்கு 36 செ.மீ. ஆர்க்கிமிடீஸ் தத்துவம் இவ்வளவுதான். நீங்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே படித்தது.

லாரி நடுவில் வந்து குதிப்பதில்லை. முனையில்தான் ஏறுகிறது. அப்போது என்ன ஆகும்? ஓடம் முழுவதும் சீராகத் தாழ்வதோடு, லாரியின் திருப்புத்திறனால் அந்த முனை கீழே சாயும். பெட்டி வடிவ ஓடத்துக்கு இதை முழுமையாகக் கணக்கிட்டால் அழகான விடை கிடைக்கிறது: பாரம் முனையில் இருக்கும்போது அந்த முனை, நடுவில் வைத்தால் தாழ்வதைப் போல் நான்கு மடங்கு தாழும். மறுமுனை இரண்டு மடங்கு உயரும். ஆகவே நம் ஓடத்தின் ஒரு முனை 24 செ.மீ. கீழே போகும், மறுமுனை 12 செ.மீ. மேலே எழும். லாரி உள்ளே நகர நகர, ஓடம் மெல்ல நிமிரும். சாய்தளம் கீலில் இருப்பதும், அதன் நுனி கரையின் காங்கிரீட் சரிவில் நழுவ இடம் விட்டிருப்பதும் இதற்காகத்தான். விறைப்பாகப் பொருத்தினால் முதல் லாரியே அதை முறித்துவிடும்.

இன்னொரு நுட்பம். காயல் நீர் கோடையில் உப்பு. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் கலந்து ஏறத்தாழ நன்னீர். கடல் நீர் நன்னீரைவிட இரண்டரை விழுக்காடு அடர்த்தி கூடியது. நம் ஓடமும் சரக்கும் சேர்ந்து 480 டன் என்றால், அதே பாரத்துக்கு மழைக்காலத்தில் 12 கன மீட்டர் நீரைக் கூடுதலாக விலக்க வேண்டும், 2½ செ.மீ. அளவு கூடுதலாகத் தாழும். ஆழம் குறைந்த துறையில் இதையும் பார்க்கத்தான் வேண்டும்.

முன்பின் சாய்வைவிடப் பக்கவாட்டுச் சாய்வு ஆபத்தானது. லாரி உயரமான வண்டி. கன்டெய்னரோடு சேர்ந்தால் அதன் ஈர்ப்பு மையம் தளத்துக்கு மேலே வெகு உயரத்தில் இருக்கும். பிறகு ஓடம் கவிழாமல் நிற்பது எப்படி?

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எண்ணிக்கொண்டு 'ஈர்ப்பு மையம் கீழே இருப்பதால்' என்று விடை சொல்லிவிடாதீர்கள். ஓடத்தின் ஈர்ப்பு மையம் பெரும்பாலும் நீர்மட்டத்துக்கு மேலேதான் இருக்கிறது. ஓடம் ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கம் அதிகமாக நீரில் அமிழ்கிறது. ஆகவே மிதப்பு விசை செயல்படும் புள்ளியும் அந்தப் பக்கம் நகர்ந்து, ஓடத்தை மீண்டும் நிமிர்த்துகிறது. இந்த மிதப்பு விசையின் கோட்டை மேலே நீட்டினால் ஓடத்தின் நடுக்கோட்டை ஒரு புள்ளியில் வெட்டும். அதை மெட்டாமையம் என்பர். ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே இருக்கும்வரை ஓடம் நிமிரும். மேலே போய்விட்டால் கவிழும். ஓடம் அகலமாக இருந்தால் மெட்டாமையம் உயரும். அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்து உயரும். இத்தகைய ஓடங்கள் அழகில்லாத அகன்ற தட்டுகளாக இருப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்பதை வரைபடத்தை மட்டும் நம்பி முடிவு செய்வதில்லை. தகடுகளை வெட்டிப் பற்றவைத்துக் கலத்தை நீரில் இறக்கியபின், கட்டும் தளத்தில் ஒரு சோதனை செய்வார்கள். உங்கள் பள்ளி ஆய்வகத்தில் செய்யக்கூடியது போன்ற எளிய சோதனை, பொருள்தான் பெரியது. கலத்தினுள் நீண்ட ஊசல் ஒன்றைத் தொங்கவிடுவார்கள். தளத்தில் தெரிந்த எடை ஒன்றை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு நகர்த்துவார்கள். கலம் சிறிது சாயும்; ஊசல் எவ்வளவு விலகியது என்று அளப்பார்கள். நம் ஓடத்தின் வெற்று எடை 300 டன் என்போம். 5 டன் எடையை 6 மீட்டர் நகர்த்தினால் 3 மீட்டர் ஊசல் 2½ செ.மீ. விலகுகிறது. 5-ஐ 6-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்தால் 0.1 மீட்டர். சாய்வு 3 மீட்டருக்கு 2½ செ.மீ., அதாவது 120-இல் ஒன்று. 0.1-ஐ 120-ஆல் பெருக்க, 12 மீட்டர். மெட்டாமையம் ஈர்ப்பு மையத்துக்கு மேல் 12 மீட்டர் உயரத்தில் இருக்கிறது! ஒரு நூலும் குண்டும் அளவுகோலும் 300 டன் கலத்தின் உள்ளே ஒளிந்திருக்கும் புள்ளியைக் காட்டிக்கொடுத்துவிட்டன. இவ்வளவு பெரிய மதிப்பு திறந்த கடலில் தொல்லை; கலம் வெடுக்வெடுக்கென்று ஆடும். அலையில்லாத காயலில் அது கவலையில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஓடங்கள் கவிழ்ந்திருக்கின்றன. 1987 மார்ச் 6-ஆம் நாள் மாலை பெல்ஜியத்தின் ஸீபுரூக் துறையிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்ட 'ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்ற ரோ-ரோ கப்பல் துறையைத் தாண்டியதுமே கவிழ்ந்தது. 193 பேர் இறந்தனர். காரணம், வண்டிகள் ஏறும் முன்கதவை மூடாமலே கப்பல் புறப்பட்டுவிட்டது. மூட வேண்டியவர் தம் அறையில் உறங்கிக்கொண்டிருந்தார்; மூடியாயிற்றா என்று மேல்தளத்துக்குக் காட்டும் விளக்கும் இல்லை. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஸீபுரூக்கின் சாய்தளம் அந்தக் கப்பலின் மேல் வண்டித்தளத்துக்கு எட்டவில்லை. எனவே முன்பக்கத் தொட்டிகளில் நீர் நிரப்பிக் கப்பலின் மூக்கைத் தாழ்த்தி வண்டிகளை ஏற்றினார்கள். அந்த நீரை முழுவதும் வெளியேற்றுமுன் கிளம்பினார்கள். தாழ்ந்த மூக்கு, திறந்த கதவு, கூடிய வேகம்!

உள்ளே புகுந்த நீரின் எடை அந்தக் கப்பலுக்குப் பெரிதன்று. அந்த நீர் ஓடி விளையாட இடம் இருந்ததுதான் கேடு. ஒரு பெரிய தட்டில் சிறிது நீர் ஊற்றி இரு கைகளாலும் ஏந்தி நடந்து பாருங்கள். தட்டு சற்றே சாய்ந்தால் நீர் முழுவதும் அந்தப் பக்கம் ஓடும், மேலும் சாய்க்கும். வண்டிகள் எளிதில் உருளுவதற்காக ரோ-ரோ கப்பலின் தளத்தில் குறுக்குச் சுவர்கள் வைப்பதில்லை. அதே வெட்டவெளி நீருக்கும் வசதியாகிவிடுகிறது. இந்த விளைவு நீர்ப்பரப்பின் அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. நடுவே நீளவாக்கில் ஒரே ஒரு தடுப்பு வைத்தால் விளைவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்; கணக்குப் போட்டுப் பாருங்கள். காயல் ஓடங்களின் தளம் மேலே மூடப்படாமல் திறந்திருப்பது பார்வைக்கு எளிமையாகத் தோன்றலாம். தளத்தில் விழும் நீர் இருபுறமும் வழிந்து ஓடிவிடுகிறது என்பதே அதன் பெரிய நன்மை.

இனிப் பணக் கணக்குக்கு வருவோம். சேவை நிலைக்குமா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் 3½ கி.மீ. கடக்க 17½ நிமிடம் ஆகும். 'வேகத்தை இரு மடங்காக்கினால் என்ன?' என்று கேட்கத் தோன்றும். 9 நிமிடம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் நீரின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. தேவைப்படும் திறன் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. எட்டு மடங்கு திறனுள்ள எஞ்சின் வேண்டும். பாதி நேரமே ஓடினாலும் எண்ணெய் நான்கு மடங்கு செலவாகும். முதலில் 25 லிட்டர் டீசல் என்றால் இப்போது 100 லிட்டர். லாரி ஒவ்வொன்றும் லிட்டருக்கு 3 கி.மீ. ஓடுவதாகக் கொண்டால், 30 கி.மீ. சுற்றிப் போக 10 லிட்டர். ஆறு லாரிக்கு 60. விரைவு ஓடத்தைவிட லாரிகள் சுற்றிப் போவதே மலிவு! மெதுவான ஓடத்தில் 25 லிட்டரில் வேலை முடிகிறது. நேரம் மிச்சமாக வேண்டுமானால் கரையில்தான் மிச்சப்படுத்த வேண்டும்: அகன்ற சாய்தளம், வரிசையாக நிற்கும் லாரிகள், திரும்பவே தேவையில்லாமல் ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கும் அமைப்பு. குறுகிய வழியில் ஓடும் பல ஓடங்களுக்கு முன்பின் வேறுபாடே இல்லாதது இதனால்தான்.

அதே கணக்கை இன்னொரு விதமாகப் பாருங்கள். ஓடத்தில் ஒரே லாரி இருந்தாலும் ஏறத்தாழ அதே 25 லிட்டர் செலவாகும். இரண்டு லாரி வரை நட்டம். மூன்றாவது லாரி ஏறினால்தான் எண்ணெய் மிச்சம். ஓடம் நிரம்பும்வரை காத்திருக்கலாம் என்றால், லாரிக்காரர் காத்திருக்கமாட்டார், சாலையிலேயே போய்விடுவார். நிரம்பாமலே நேரத்துக்குக் கிளம்பினால் தொடக்க மாதங்களில் கை கடிக்கும். கலம் கட்டுவதைவிட இந்தத் தொடக்க காலத்தைக் கடத்துவதுதான் கடினம் என்பது என் எண்ணம்.

சுற்று வழி நீளமாக இருந்தால் ஓடத்தின் கை ஓங்கும். அஸ்ஸாமில் பிரம்மபுத்திரா நதியில் நியாமதி–மாஜுலி வழியில் 2021-இல் தொடங்கிய ஓடம் 420 கி.மீ. சாலைப் பயணத்தை 12 கி.மீ. ஆக்கியது. துப்ரி–ஹாத்சிங்கிமாரி வழியில் 220 கி.மீ. 28 ஆயிற்று. கொசஸ்தலைக்கு ஓடம் பொருந்தாததும் இதே கணக்கால்தான். நீர் இருக்கும் சில நாள்களில் வெள்ளம் இழுக்கும். மற்ற நாள்களில் ஓடம் மணலில் உட்காரும். அங்கே உயரமான பாலமே வழி.

நீர் எப்போதும் இருந்தும் ஓடம் தரைதட்டிய கதை ஒன்று உண்டு. குஜராத்தில் காம்பே வளைகுடாவின் மேற்குக் கரையில் கோகா. கிழக்குக் கரையில் தாஹேஜ். சாலை வழி 310 கி.மீ.; கடல் வழி 30 கி.மீ. அளவு. அங்கே ஏற்றவற்றம் 10 மீட்டர் வரை போகும். லாரி ஏறும் பாலம் பத்துக்கு ஒன்று என்ற சரிவுக்குள் இருக்கவேண்டுமானால் 100 மீட்டர் நீளமாவது தேவை என்பதை நீங்களே கணக்கிட்டுவிடலாம். ஒரு முனை கரையில் கீலிலும் மறுமுனை மிதவையிலுமாகப் பாலம் அமைத்து, 2017 அக்டோபரில் சேவை தொடங்கியது. ஆனால் தாஹேஜ் நர்மதை நதி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே இருக்கிறது. நதி கொண்டுவரும் வண்டல் துறையின் முன்னே படிந்துகொண்டே இருந்தது. தூர்வாரத் தூர்வார மீண்டும் மேடிட்டது. போதிய ஆழமில்லாமல் 2019-இல் சேவை நின்றது. 2020 நவம்பர் 8-இல், சூரத்துக்கு அருகிலுள்ள ஹஜீராவிலிருந்து கோகாவுக்கு வேறு வழியில் புதிய சேவை தொடங்கினார்கள். கடல் வழி 90 கி.மீ. ஆகிவிட்டது, சாலை வழி 370 கி.மீ. சரக்கு லாரிகளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரப் பயணம் நான்கு மணி நேரமாகக் குறையும் என்று அப்போது அறிவித்தார்கள். மூன்று மடங்கு தூரம் என்றாலும் ஆழமுள்ள துறையே மேல் என்று முடிவாயிற்று.

கடைசியாக, நான்கு மடங்கு, இரண்டு மடங்கு என்று மேலே சொன்னதை நீங்கள் நம்பவேண்டியதில்லை, சோதித்துப் பார்க்கலாம். ஓரளவு தடிமனான, சீரான செவ்வகப் பலகை ஒன்றைத் தொட்டியில் மிதக்கவிடுங்கள். இரு முனைகளின் பக்கத்திலும் மில்லிமீட்டர் கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள். சிறிய எடை ஒன்றை நடுவில் வைத்து அளவெடுங்கள். பிறகு முனைக்கு நகர்த்தி இரு முனைகளையும் அளவெடுங்கள். பலகை நீரில் முழுவதும் மூழ்காதபடி எடையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நடுவிலிருந்து முனையை நோக்கி எடையை மெல்ல நகர்த்தும்போது, ஓரிடத்தில் மறுமுனை எடை வைக்காதபோது இருந்த மட்டத்திலேயே, தாழாமலும் உயராமலும் நிற்கும். அந்த இடம் நடுவிலிருந்து பலகை நீளத்தில் ஆறில் ஒரு பங்கு தொலைவில் வருகிறதா என்று பாருங்கள்.